குடை, தபால்காரர் நீங்கலாக

கொக்கின் வலது கணுக்கால் ஆறு வாரத்தில் குணமானது. கல்லூரி அதை ஒப்புக்கொள்ள மேலும் மூன்று வாரம் ஆனது. இந்த மூன்று வாரம்தான் அதிகம் வலித்தது.

கொக்கு என்பது உயரம் தாண்டும் அந்தப் பெண்ணுக்குத் தோழிகள் வைத்த பெயர். கால் நீளம், பேச்சு குறைவு. இயற்பியல் இறுதியாண்டு. பயிற்சியின்போது கம்பைத் தாண்டி, இரண்டு மெத்தைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் போய் விழுந்தாள். மெத்தைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை யாரோ விடுதியில் துணி காயப்போட எடுத்துப் போயிருந்தார்கள்.

மைதானப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சிறிய அறையில் இருந்த பிசியோ அக்கா அவளை ஆறு வாரமும் ஆடும் பலகைமேல் ஒற்றைக்காலில் நிற்க வைத்தார். அடியில் அரைப்பந்து வைத்த பலகை அது. முதல் வாரம் கொக்கு அதிலிருந்து நாற்பது முறை விழுந்தாள். ஆறாவது வாரம் அதன்மேல் கண்ணை மூடி நின்று டீ குடித்தாள்.

"போம்மா, போய் குதி," என்றார் பிசியோ அக்கா. "இந்தக் கால் இப்ப புதுசா இருந்தப்ப விட நல்லா இருக்கு."

மூன்று வாரத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. முதல் வருடம் அவள் இரண்டாவது வந்தாள். இரண்டாம் வருடமும் இரண்டாவது. மூன்றாம் வருட மாணவிக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

"ஒரே ஒரு கையெழுத்துதான்," என்றார் கோச். "கமிட்டில வாங்கிட்டு வந்துடு. சும்மா சம்பிரதாயம். பத்து நிமிஷம்."

*

அடிபட்டவர்கள் மறுபடி விளையாடலாமா என்று தீர்மானிக்கும் மீள்களமிறங்கு தகுதி மதிப்பீட்டுக் குழு, நிலவியல் துறையின் ஆய்வகத்தில் கூடியது. சுற்றிலும் கண்ணாடி அலமாரிகளில் பாறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. குழுவின் தலைவர் நிலவியல் பேராசிரியர். உறுப்பினர்கள் இருவர்: நூலகர் அம்மா, ஆண்கள் விடுதிக் காப்பாளர். குழுவில் இடம் சுழற்சி முறையில் வருவதால் விளையாட்டு தெரிந்தவர்கள் யாரும் இன்னும் மாட்டவில்லை.

பிசியோ அக்காவும் இருந்தார். சிறப்பு அழைப்பாளர் என்பதால் கதவருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டால் மட்டும் பேசலாம். நான்கு வருடமாக யாரும் கேட்கவில்லை.

"உக்காரும்மா," என்றார் தலைவர். "அடிபட்டது எந்தக் கால்?"

"வலது, சார்."

"அது எங்களுக்கு வேண்டாம். சும்மா ஒரு விசாரிப்பு." அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "நீ இந்தக் காலேஜ்ல சேர்ந்த அன்னிக்கு உன்னை அளந்து வச்சிருக்கோம். அடிப்படைப் பதிவு. இது நல்லா இருந்தப்ப நீ எப்படி இருந்தேங்கறதுக்குச் சாட்சி. அதே மாதிரி திரும்ப வந்துட்டியான்னு பாப்போம். வந்துட்டா கையெழுத்து. ரெண்டு சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம். நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல."

கொக்குக்கு அந்த நாள் நினைவிருந்தது. கடும் மழை. கடுமையான சளி. வரிசை நீளம் என்பதால் மழைக்கோட்டைக் கழற்றவிடாமலே எடை பார்த்தார்கள். ஒற்றைக்காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். இருபதாவது விநாடியில் தும்மிக் காலை ஊன்றினாள். ஆறு சொற்களை வாசித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். நான்கைச் சொன்னாள். ஈரத் தரையில் ஓடிக் கம்பைத் தாண்டினாள். ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். ஒன்று நாற்பத்து மூன்றில் மூன்று முறையும் கம்பைத் தட்டினாள்.

சோதனை ஆரம்பமானது. அவள் ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு நிமிடம் கழித்து விடுதிக் காப்பாளர் கொட்டாவி விட்டதால் நிறுத்தினார்கள். ஆறு சொற்களையும் வரிசையாகச் சொன்னாள். எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். ஒரு மீட்டர் ஐம்பத்தெட்டு தாண்டினாள்.

கோச் கைதட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டாரிடம் கெட்ட செய்தி சொல்லப்போகும் டாக்டரின் முகம்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஒண்ணுலகூட நீ திரும்பி வரல."

கொக்குக்குப் புரியவில்லை. "கூடுதலாதானே சார் தாண்டிருக்கேன்?"

"பதினெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். நிக்கறதுல நூறு விநாடி வித்தியாசம். வார்த்தைல ரெண்டு வித்தியாசம். எடைல நாலு கிலோ. மூக்கடைப்பு வேற காணோம்." அவர் குரல் தாழ்ந்தது. "அடி பலமா பட்டிருக்கு."

"சார், பயிற்சி பண்ணினா முன்னேற்றம்..." என்று கோச் ஆரம்பித்தார்.

"நான் முப்பது வருஷமா பாறை பாக்கறேன்," என்றார் தலைவர். "ஒரு பாறையாவது என்கிட்ட வந்து 'சார், நான் முன்னேறிட்டேன்'னு சொன்னதில்ல. மாறாம இருக்கறதுதாங்க ஆரோக்கியம். என்னையே பாருங்க. சேர்ந்த வருஷம் எழுதின அதே நோட்ஸ். ஒரு வரி மாத்தல. ஒருநாள் உடம்பு சரியில்லன்னு லீவு போட்டிருக்கனா?"

 மைதான ஓரத்தில் பிசியோ அக்காவின் முக்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

*

"லிஃப்ட் ரிப்பேர் பண்ணினா ஏறிப் பாப்போம்," என்றார் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். "மேல போச்சுன்னா சரி ஆயிடுச்சு. அவ்ளோதான். முன்ன எந்த மாடில மாட்டிக்கிச்சோ அதே மாடில மாட்டுதான்னு பாக்கறதில்ல."

"அவங்க பாக்கறாங்கப்பா."

அப்பா யோசித்தார். "சரி. கஸ்டமர் என்ன கேக்கறாரோ அதைத்தான் செய்யணும். என்னென்ன வேணுமாம்?"

பட்டியல் போட்டார்கள். முதலில் மழைக்கோட்டு. அதை அப்பா பாதியாக வெட்டித் தன் கருவிப்பெட்டிக்கு உறை தைத்திருந்தார். உறையைப் பிரித்து அம்மா மறுபடி கோட்டாக்கினாள். ஒரு கை வரவில்லை. நனைத்து மாட்டிப் பார்த்தும் இரண்டரைக் கிலோ குறைந்தது. அப்பா பையில் தன் ஸ்பேனர் செட்டைப் போட்டார். எடை முள் பழைய ஐம்பத்தேழில் போய் நின்றது.

"பாக்கெட்ல ஸ்பேனர் இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?" என்றார்.

"இல்லப்பா."

எழுதியிருக்கவில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆய்வக வாசலில் காத்திருந்த நாட்களில் குழுவின் விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்திருந்தாள். அறுபத்துநான்கு பக்கம். "அதை இதுவரைக்கும் யாரும் படிச்சதில்லம்மா," என்று பிசியோ அக்கா எச்சரித்திருந்தார். கொக்கு அடிக்குறிப்புகளையும் படித்தாள். வேறு வேலையில்லை.

அடுத்தது சளி. வேலைக்குப் போகும் அவளுடைய அக்காவுக்கு அந்த வாரம் நல்ல சளி.

"அக்கா, என் பக்கமா கொஞ்சம் தும்மேன்."

"மூஞ்சிக்கு நேராவா?"

"ம்."

"இருபது வருஷமா இந்த வார்த்தைய நீ சொல்ல மாட்டியான்னு காத்துக்கிட்டிருந்தேன்டி," என்று அக்கா நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள்.

தாண்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒன்று நாற்பதைத் தாண்டவேண்டும், ஒன்று நாற்பத்து மூன்றில் மூன்று முறை கம்பைத் தட்டவேண்டும். கம்பு இடுப்பருகே வந்ததும் உடம்பு அதுபாட்டுக்கு வளைந்து தப்பித்துப் போய்விட்டது. கோச் மெத்தையருகே நின்று கத்தினார்.

"முதுகை வளைக்காத! கால் மாட்டட்டும்! அந்தக் குதிகாலை எதுக்குத் தூக்கற? யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் சார்."

கோச் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "மூணு வருஷம் தட்டாதன்னு சொல்லிக் குடுத்தேன். மூணு நாள்ல தட்டச் சொல்லிக் குடுக்கணும். எந்த வாத்தியாருக்கும் இந்தக் கதி வரக்கூடாது." மூக்கை உறிஞ்சினார். அது அக்காவின் சளியாகவும் இருக்கலாம்.

நான்காம் நாள் கம்பு விழுந்தது. கோச் அவள் தோளைத் தட்டினார். இருவரும் வெட்கப்பட்டார்கள்.

மிஞ்சியது மறதி. இதில் நூலகர் அம்மா உதவி செய்தார். நல்ல மனசுக்காரர். நூலகத்தில் கொக்கைத் தனியாக அழைத்து ஒரு அட்டையை நீட்டினார்.

"ஆறு வார்த்தை. வாளி, ஜன்னல், குடை, ஆட்டுக்குட்டி, தபால்காரர், எலுமிச்சை. அன்னிக்கு நீ குடையையும் தபால்காரரையும் விட்டுட்ட. இப்பவும் அதே ரெண்டையும்தான் விடணும். வேற ரெண்டை விட்டா அது வேற மறதி."

"எப்படி மேடம் மறக்கறது?"

"தினமும் காலைல, சாயங்காலம் பத்துப் பத்து தடவை அந்த ரெண்டையும் சொல்லிப் பாத்து மறந்துடு. ஒரு வாரம் பழகினா வந்துடும். இந்தா, அட்டைல எழுதியிருக்கேன். பத்திரமா வச்சுக்கோ. எதை மறக்கணும்னு மறந்துடாத."

அவள் சொன்னபடி செய்தாள். இரண்டு நாளில் தபால்காரர் கனவில் வந்தார். குடை பிடித்திருந்தார். சாப்பாட்டுத் தட்டிலும் வெப்ப இயக்கவியல் பாடத்திலும் அவர்கள் இருவரும் நின்றார்கள். நாட்கள் போகப்போக மற்ற நால்வரும் மங்கினார்கள். வாளி எப்போதாவது தெரிந்தது.

*

இரண்டாவது மதிப்பீடு போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. ஒரு கையில்லாத ஈர மழைக்கோட்டுடன், சிவந்த மூக்குடன், நடக்கும்போது பையில் இரும்பு குலுங்க கொக்கு ஆய்வகத்துக்குள் நுழைந்தாள்.

குழுவின் முகங்கள் மலர்ந்தன.

"பாருங்க, பாருங்க," என்றார் விடுதிக் காப்பாளர். "எவ்ளோ தேறிட்டா!"

எடை ஐம்பத்தேழு. ஒற்றைக்காலில் நின்றாள், இருபதாவது விநாடியில் நிஜமான தும்மல் ஒன்று தானாகவே வந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துத் தொடையைத் தட்டிக்கொண்டார். வாளி, ஜன்னல், ஆட்டுக்குட்டி, எலுமிச்சை என்று அவள் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். தொண்டைக்குழியில் குடையும் தபால்காரரும் முட்டினார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். நூலகர் அம்மா கண்ணைத் துடைத்தார். மைதானத்தில் ஒன்று நாற்பதைத் தாண்டி, ஒன்று நாற்பத்து மூன்றை மூன்று முறை தட்டினாள். கோச் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

தலைவர் கையெழுத்திட்டார். கொக்கு சான்றிதழை வாசித்தாள். கடைசி வரியை மறுபடி வாசித்தாள்.

"சார், ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் வரை மட்டும்னு போட்டிருக்கே."

"ஆமா. அதுவரைக்கும்தானே நீ குணமாகியிருக்க? அதுக்கு மேல தாண்டினா நீ மறுபடி அடிபட்டவள்னுதான் அர்த்தம். அன்னிக்கு நாங்க மைதானத்துலயே இருப்போம். பயப்படாத. ஸ்ட்ரெச்சரும் இருக்கும்."

*

போட்டியன்று காலை மேகம் கவிந்திருந்தது. அம்மா அவள் கையில் எதையோ திணித்து, "குடை," என்றாள். கொக்கு திடுக்கிட்டு, "சொல்லாதம்மா," என்றாள்.

அப்பா வேலைக்குப் போகாமல் மைதானத்துக்கு வந்திருந்தார். குழு, நிழல் பார்த்து மேசை போட்டிருந்தது. மேசைமேல் கோப்பு. கீழே ஸ்ட்ரெச்சர்.

ஒன்று நாற்பது. தாண்டினாள். தலைவர் கைதட்டினார்.

கம்பை ஒன்று நாற்பத்து மூன்றுக்கு உயர்த்தினார்கள். கொக்கு ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் நின்றாள். தட்டப் பழகிய கால், தாண்டப் பழகிய கால், இரண்டும் ஒரே கால். பிசியோ அக்காவைப் பார்த்தாள். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் ஒற்றைக்காலைத் தூக்கி, கண்ணை மூடி, டீ குடிப்பதுபோல் காட்டினார்.

கொக்கு ஓடினாள். தாண்டினாள். ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"நிறுத்துங்க!" என்று தலைவர் எழுந்தார். நிறுத்துவதற்குத் தடைப் படிவம் ஒன்று இருந்தது. அதில் மூன்று கையெழுத்து வேண்டும். அவர் போட்டார். நூலகர் அம்மா முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் போடுவேன் என்றார். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். அதற்குள் கம்பு ஒன்று நாற்பத்தொன்பதைக் கடந்திருந்தது. விடுதிக் காப்பாளர் கழிவறைக்குப் போயிருந்தார். வரிசை நீளம். அவரைக் கண்டுபிடித்து, சுவரில் படிவத்தை வைத்துக் கையெழுத்து வாங்கி வந்தபோது, மைதானத்தில் எல்லோரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமும் அவளை வென்றவள் ஒன்று ஐம்பத்தெட்டோடு நின்றுவிட்டாள். கொக்கு ஒன்று அறுபத்தொன்றைத் தாண்டியிருந்தாள்.

தலைவர் படிவத்தை உயர்த்திப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னால் ஸ்ட்ரெச்சர் வந்தது.

"தாண்டினது செல்லாது! பொண்ணுக்கு அடிபட்டிருக்கு! இருபத்தொரு சென்டிமீட்டர்!"

"எங்க?" என்று அப்பா பதறி வந்தார்.

"உயரத்துல!"

போட்டி நடுவர் தலையைச் சொறிந்தார். சான்றிதழ் செல்லாவிட்டால் அவள் தாண்டிய எதுவும் செல்லாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. கோச் பல்லைக் கடித்தார்.

கொக்கு மூன்று வருடத்தில் முதல் முறையாக, இத்தனை பேர் நடுவில், யாரும் கேட்காமலே பேசினாள்.

"சார், பக்கம் அறுபத்திரண்டு. அடிக்குறிப்பு."

"என்ன அடிக்குறிப்பு?"

"மைதானத்துல சந்தேகம் வந்தா அவசர மதிப்பீடு. நேரமில்லாததால எடையும் சளியும் வேண்டாம். தாண்டறது, ஞாபகம், நிக்கறது, மூணுலயும் வந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கழிச்சு மொத்தமா பாத்தா போதும்."

தலைவர் புரட்டினார். இருந்தது. கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது.

"சரி," என்றார். "தாண்டினதுல நூத்து நாப்பதுக்கு இருபத்தொண்ணு. பதினைஞ்சு சதவீதம் கூடுதல். அடுத்தது ஞாபகம். ஆறு வார்த்தையையும் முந்தாநாளே மேடம் உனக்கு வாசிச்சுட்டாங்க. சொல்லு."

கொக்கு வாயைத் திறந்தாள்.

"குடை," என்றாள். "தபால்காரர்."

"அப்புறம்?"

அவள் தேடினாள். அந்த இருவரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. வாளிகூட இல்லை.

"அவ்ளோதான் சார்."

"நாலு சொல்ல வேண்டிய இடத்துல ரெண்டு," என்று தலைவர் எழுதினார். "அம்பது குறைவு. ஆக மொத்தம் முப்பத்தஞ்சு சதவீதம் குறைவு. பாத்தீங்களா? இவ்ளோ மோசமான நிலைமைல ஒரு பொண்ணைக் குதிக்க விட்டிருக்கீங்க!"

ஸ்ட்ரெச்சரைத் தூக்கியவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

"இன்னும் நிக்கறது பாக்கி சார்," என்றாள் கொக்கு.

வலது காலில் நின்றாள். கண்ணை மூடினாள். இருபது விநாடியில் முப்பத்தைந்து சதவீதம் ஏழு விநாடி. அவள் ஆறு வாரம் பலகைமேல் நின்றவள். தரையில் சாயங்காலம்வரை நிற்பாள். நிற்பது சுலபம். எங்கே நிறுத்துவது என்பதுதான் விஷயம். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். பன்னிரண்டில் யாரோ தும்மினார்கள். கோச். பதினெட்டில் தபால்காரர் குறுக்கே வந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு எண்ணினாள். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு.

காலை ஊன்றினாள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். தாளில் கூட்டினார். கழித்தார். நூலகர் அம்மாவிடம் கொடுத்தார். அவர் கூட்டி, கழித்து, தாளைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

"சைபர்," என்றார் நூலகர் அம்மா.

"சைபர்," என்றார் தலைவர். அவர் குரல் உடைந்தது. நடுவரின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "பெரியோர்களே! ரெண்டு சதவீதம் இல்ல, அரை சதவீதம் இல்ல. சைபர்! இந்தக் குழுவோட வரலாற்றுல இப்படி ஒரு குணத்தை நான் பாத்ததில்ல. இந்தப் பொண்ணு இங்க சேர்ந்த நாள்லேருந்து இன்னிவரைக்கும் ஒரு துளிகூட மாறல. மூணு வருஷக் கல்வி, மூணு வருஷப் பயிற்சி, ஒரு காயம், எதுவும் இவளை ஒண்ணும் பண்ண முடியல. இதைவிட ஒரு கல்லூரிக்கு என்னங்க பெருமை வேணும்?"

கூட்டம் கைதட்டியது. எதற்கென்று தெரியாவிட்டாலும் பலமாகவே தட்டியது. தலைவர் அந்தக் கணமே கதவருகே, அதாவது மைதானத்தின் கதவருகே, நின்றிருந்த பிசியோ அக்காவைப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா நினைக்கறீங்க?"

நான்கு வருடத்தில் முதல் கேள்வி. பிசியோ அக்கா நிமிர்ந்தார்.

"அந்த மெத்தை ரெண்டையும் ஒரு கயிறு போட்டுக் கட்டுங்க சார்," என்றார்.

"அது வேற கமிட்டி," என்றார் தலைவர்.

*

பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கொக்கு அப்பாவுடன் வாசலுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

"காலைல அம்மா குடுத்து விட்டாளே," என்றார் அப்பா. "எங்க?"

கொக்கு பையைத் துழாவினாள். ஷூ இருந்தது. துண்டு இருந்தது. நூலகர் அம்மாவின் அட்டை இருந்தது. வேறெதுவும் இல்லை.

"மறந்துட்டேன்பா."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, கஸ்டமர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அவரும் சிரித்துவைத்தார்.

வாசலில் பெரிய குட்டையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. கொக்கு நான்கடி பின்னால் போய், ஓடி வந்து தாண்டினாள். யாரும் அளக்கவில்லை.